அப்பாவின் காது கேட்கும் கருவியில் புல்லாங்குழல் நடுங்குகிறது, தம்பூரா மறைகிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி (ஏற்காடு)
அப்பாவுக்கு 71 வயது. சேலத்தில் இரண்டு காதுக்கும் கருவி வாங்கினோம். பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ரேடியோவில் கச்சேரி வைத்தால் முகம் சுருங்குகிறது. புல்லாங்குழலில் கார்வை (ஒரே ஸ்வரத்தை நிறுத்தி வாசிப்பது) நீளும்போது சுருதி நடுங்குகிறதாம்; கூடவே விசில் போல இன்னொரு ஒலி. தம்பூரா சில நொடிகளில் தேய்ந்து போகிறதாம். இசையே மூச்சாக இருந்தவர், பாதியில் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போவதைப் பார்க்க முடியவில்லை. கருவியில் கோளாறா?

பதில் (அஸ்தம்பட்டி, செவித்திறன் பரிசோதகர்)
கோளாறாகத் தெரியவில்லை அம்மா. இந்தக் கருவிகள் முதலில் பேச்சுக்காகவே அமைக்கப்படுகின்றன. கருவி தானாகக் கூவாமல் இருக்க அதில் விசில் தடுப்பு உண்டு. நீண்டு ஒலிக்கும் குழல் நாதத்தையும் அது கூவல் என்று எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கிறது. நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. தம்பூராவோ இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பது. மின்விசிறி இரைச்சலைக் குறைக்கும் அதே வசதி அதையும் குறைத்துவிடுகிறது.

வாங்கிய இடத்தில் 'இசைக்குத் தனி புரோகிராம்', அதாவது கருவிக்குள் இசைக்கென்று தனி அமைப்பு, கேளுங்கள். விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் அணைக்கவோ தணிக்கவோ சொல்லுங்கள். உயர்ந்த சுருதிகளைக் கீழே இறக்கித் தரும் வசதி இயங்கினால், இசைக்கு அது கட்டாயம் வேண்டாம். ஸ்வரமே இடம் மாறிவிடும். அப்பாவையும் அவருக்குப் பழகிய பதிவு ஒன்றையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். சோதனை அறையில் பேச்சை மட்டும் கேட்டுத் தலையாட்டினால் இது பிடிபடாது.

பதில் (சூரமங்கலம், வயலின் ஆசிரியர்)
நானும் கருவி அணிபவன். ரேடியோ சத்தத்தைக் குறைத்து, கருவியின் ஒலியைக் கூட்டிப் பாருங்கள். சாதாரணப் பேச்சு 65 டெசிபல் அளவு. இசை 100-ஐயும் எளிதில் தாண்டும். உள்ளே நுழையும் ஒலியே அளவு மீறினால் பல கருவிகளில் அது வாசலிலேயே கரகரத்துவிடும். பிறகு எந்தப் புரோகிராமும் அதை மீட்டுத் தராது.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. தனி புரோகிராம் போட்டுவிட்டார்கள். குழல் நேராக நிற்கிறது, தம்பூராவும் கடைசி வரை கேட்கிறதாம்! ஆனால் கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகக் கேட்டால் மிருதங்கத்தில் தொப்பியின் (தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கம்) ஒலி மட்டும் இல்லை என்கிறார். ஏன்?

பதில் (அஸ்தம்பட்டி, செவித்திறன் பரிசோதகர்)
காதுக்குள் போகும் ரப்பர் முனையில் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் தாழ்ந்த நாதம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். ரேடியோ என்றால் அதே துளை வழியே வெளியொலி நேராகக் காதுக்குள் வரும்; புளூடூத்தில் அது இல்லை. துளையில்லாத முனையோ, காதின் அளவெடுத்துச் செய்த அச்சோ பொருத்தினால் தொப்பி திரும்பிவரும். அவருடைய சொந்தக் குரல் சற்று முழங்குவது போலத் தோன்றலாம். அதனால் வாங்குவதற்கு முன் அணிந்து பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காட்டுப் பனியில் ஈரம் சேரும். இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள்.