நானோ கீமோவுக்காக வளையலை அடகு வைக்கலாமா?

கொருக்குப்பேட்டை மகள்
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வாராவாரம் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறுகிறது, நாலு முடிந்தது. "நானோ வகை போடு, மருந்து நேரே கட்டிக்குள்தான் போகும்" என்கிறார் சித்தப்பா. விலை பல மடங்கு. வளையலை அடகு வைக்கலாமா?

தண்டையார்பேட்டை மருந்துக்கடை
வைம்மா என்றுதான் சொல்வேன். பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த க்ரீமோஃபோரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து வைத்திருக்கிறார்கள். அது பிவிசி பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ரசாயனத்தையே இழுத்துக்கொள்ளும். கண்ணாடி பாட்டிலில் தொங்கவிடுவது அதனால்தான். என் அக்காவுக்கு முதல் தடவை ஏற்றிய பத்தே நிமிடத்தில் முகம் சிவந்து, மூச்சு முட்டி, நர்ஸ் ஓடிவந்து ட்ரிப்பை நிறுத்தினார். அமெரிக்காவில் 2005ல் அனுமதி பெற்ற நானோ வகையில் அந்த எண்ணெயே கிடையாது. நம் ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கியது. அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

ராயபுரம் வாத்தியார்
அண்ணே, எண்ணெய் விஷயம் சரி. ஆனால் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு தடவைக்குள் வந்துவிடும். இந்த அம்மாவுக்கு நாலு முடிந்துவிட்டதே! "நேரே கட்டிக்குள்" என்பதும் நடப்பதில்லை. பத்து வருட ஆய்வுகளை 2016ல் தொகுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் எலிகளில் செய்தவை. செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டியது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். 2015ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டையும் வாராவாரம் கொடுத்து ஒப்பிட்டார்கள். நானோ மிஞ்சவில்லை; கை கால் மரப்புதான் கூடியது.

தண்டையார்பேட்டை மருந்துக்கடை
அந்த ஆய்வில் நானோவை உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள், சாதாவை 90. மரக்காமல் என்ன செய்யும்? சின்னத் துளியின் அருமை தெரிய வேண்டுமானால் சிறுநீரகம் மாற்றியவர்களைக் கேளுங்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் பழைய சைக்ளோஸ்போரின் எண்ணெய் மருந்து, பித்தநீரையும் சாப்பாட்டையும் பொறுத்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. தொண்ணூறுகளில் எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கும் மைக்ரோஎமல்ஷன் வந்த பிறகுதான் ரத்தத்தில் அதன் அளவு நிதானப்பட்டது.

ராயபுரம் வாத்தியார்
அது உண்மை. டெட்டால் விட்டால் தண்ணீர் பால்போல் வெளுக்கிறது. மைக்ரோஎமல்ஷனில் துளி அவ்வளவு சிறிது என்பதால் ஒளி சிதறாமல் தெளிவாகவே நிற்கும். குடல் அதைச் சீராக உறிஞ்சுகிறது. அங்கே பலனை ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். இங்கே வாராவாரம் ஏற்றும் சாதாவைவிடக் கூடுதல் ஆயுள் என்று யாரும் உறுதியாகக் காட்டவில்லை. அடகுக்கடை வட்டி மட்டும் நிச்சயம். நானோவே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வீட்டுக்கு இப்போது வேண்டாம்.

தண்டையார்பேட்டை மருந்துக்கடை
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அம்மாவுக்கு சுகர் உண்டா? எண்ணெய் வகைக்கு முன்னால் ஒவ்வாமையைத் தடுக்க ஏவிலோடு டெக்ஸாவும் போடுவார்கள், அது ஸ்டீராய்டு, சுகரை ஏற்றும். நானோவுக்கு பொதுவாக அது தேவைப்படாது.

கொருக்குப்பேட்டை மகள்
உண்டு அண்ணா. கீமோ முடிந்து இரண்டு நாள் 300க்கு மேல் நிற்கிறது. ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார். கீமோவால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராயபுரம் வாத்தியார்
அப்படியென்றால் நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வளையலுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ஒவ்வாமை வராமல் நாலு முடிந்த பிறகு டெக்ஸாவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளும்மா. குறைக்கும் வழக்கம் உண்டு. நீயாக நிறுத்தச் சொல்லாதே.

தண்டையார்பேட்டை மருந்துக்கடை
இதில் வாத்தியாரோடு ஒத்துப்போகிறேன். டாக்டர் குறைக்க முடியாது என்றால் அப்புறம் நானோவைப் பேசலாம்.

கொருக்குப்பேட்டை மகள்
வியாழக்கிழமை அடுத்தது. சுகர் எழுதிவைத்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.