வெள்ளிக்காசின் பின்பக்க எழுத்தைப் படிக்க முடியவில்லை, இது போலியா?

கேள்வி:
வணக்கம். பிரிவினைக்கு முன்னால் லாகூரில் ரயில்வேயில் இருந்த தாத்தாவின் பெட்டியில் ஒரு சின்ன வெள்ளிக்காசு கிடைத்தது. முன்பக்கம் தலையில் நாடா கட்டிய அரசன், சுற்றிலும் கிரேக்கம். மெனாண்டர் (இந்தோ-கிரேக்க அரசன்) என்று படித்துவிட்டேன். பின்பக்கம் கேடயத்தோடு கையை ஓங்கி நிற்கும் ஒரு பெண். அவளைச் சுற்றியுள்ள எழுத்து பிராமி அட்டவணையோடு ஒத்தே வரவில்லை. எடையும் இடிக்கிறது. திராக்மா என்ற கிரேக்க வெள்ளிக்காசு 4.3 கிராம் என்கிறார்கள், இது 2.4 தான். யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
எடையைப் பார்த்துப் பயப்படாதீங்க. 4.3 என்பது ஏதென்ஸ் நிறை. இந்துகுஷ் மலைக்குத் தெற்கே ஆண்ட இந்தோ-கிரேக்க அரசர்கள் உள்ளூர்ப் புழக்கத்துக்கு ஏற்றபடி சுமார் 2.45 கிராமில்தான் திராக்மா அடித்தார்கள். மெனாண்டருக்கு முன்பே அப்பல்லோடோட்டஸ் என்ற இந்தோ-கிரேக்க அரசர் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் திமில் காளை போட்டுச் சதுர வெள்ளிக்காசே வெளியிட்டுவிட்டார், அவ்வளவு தூரம் இந்த மண்ணோடு கலந்துவிட்டார்கள்.

பின்பக்கம் இருப்பது பிராமி இல்லை, கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்து. வலமிருந்து இடமாகப் படிக்கணும். வலது ஓரத்தில் கீழே ஆரம்பித்து, இடி எறியும் அத்தீனாவின் (அந்தப் பெண், கிரேக்கத் தெய்வம்) தலைக்கு மேலாகச் சுற்றி வந்தால் 'மஹாராஜஸ த்ராதரஸ', அடியில் 'மெனம்த்ரஸ'. அதாவது, 'காப்பவரான மகாராஜா மெனாண்டருடையது'. முன்பக்கக் கிரேக்கம் சொல்வதும் இதே பட்டம், இதே பெயர்தான். 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் முதலான ஆய்வாளர்கள் இந்த மாதிரிக் காசுகளில் கிரேக்கப் பெயரைப் பக்கத்தில் வைத்துத்தான் கரோஷ்டி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். நீங்களும் அப்படியே செய்து பாருங்க.

கேட்டவர்:
அட, வருதுங்க! கிண்ணம் மாதிரி இருப்பது 'ம', மூன்று சொல்லின் கடைசியிலும் ஒரே எழுத்து, அது 'ஸ'. ஆனால் அத்தீனாவுக்குப் பக்கத்தில் கோடுகள் பின்னிய ஒன்று தனியாக நிற்கிறதே, அதை எங்கே சேர்ப்பது?

பதில் 1:
எங்கேயும் சேர்க்காதீங்க. அது கூட்டெழுத்து முத்திரை. நாணயச்சாலையையோ பொறுப்பு அதிகாரியையோ குறிப்பதாகக் கருதுகிறார்கள்.

பதில் 2:
வாசகம் சரியாக வந்தால் மட்டும் அசல் ஆகிவிடாது. அசலில் இருந்து வார்ப்பெடுத்த போலியிலும் இதே வாசகம் அச்சாக வரும். விளிம்பை லென்ஸில் பாருங்க. சுற்றிலும் ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ வார்த்ததாகச் சந்தேகப்படலாம். அசல் காசு அச்சு வைத்து அடித்தது. அப்புறம், கருத்திருக்கிறதே என்று விபூதி, புளி போட்டுத் தேய்த்துவிடாதீங்க, தயவுசெய்து. விளிம்பைத் தனியாகப் படமெடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்கிறேன்.