கோப்பில் போட்ட குறிச்சொல் எங்கே உதிர்கிறது? லினக்ஸ் டெஸ்க்டாப் அனுபவங்கள்

பனையோலை:
கேடிஇ டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான டால்பினில் கோப்புகளுக்குக் குறிச்சொல், நட்சத்திரம், குறிப்பு எல்லாம் போட்டு வைப்பவர்கள், எதில் அது தங்கியது, எதில் காணாமல் போனது என்று இங்கே எழுதுங்கள்.

அடிப்படையை நான் சொல்லிவிடுகிறேன். டால்பினில் எஃப்11 அழுத்தினால் வரும் தகவல் பலகையில் நீங்கள் எழுதுவது கோப்புக்குள்ளே போவதில்லை. கோப்பு முறைமை அந்தக் கோப்போடு சேர்த்து வைத்திருக்கும் எக்ஸ்ஆட்டர் என்ற தனி இடத்துக்குப் போகிறது. குறிச்சொல்லுக்கு யூசர்.எக்ஸ்டிஜி.டேக்ஸ், குறிப்புக்கு யூசர்.எக்ஸ்டிஜி.காமென்ட், நட்சத்திரத்துக்கு யூசர்.பலூ.ரேட்டிங் என்று பெயர். நட்சத்திர எண் 0 முதல் 10 வரை, அரை நட்சத்திரத்துக்கு 1. பலூ என்பது கேடிஇயின் கோப்புத் தேடல் வசதி, அது வைத்திருப்பது வெறும் தேடல் அட்டவணைதான். அதை அழித்தாலும் குறிச்சொல் போகாது.

டெர்மினலில் போட, ஆட்டர் பொதியை நிறுவிவிட்டு:

செட்எஃப்ஆட்டர் -என் யூசர்.எக்ஸ்டிஜி.டேக்ஸ் -வி "கல்வெட்டு,தஞ்சாவூர்" படம்.ஜேபிஜி

கட்டளையையும் பண்பின் பெயரையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். முன்னால் 'யூசர்.' இல்லாவிட்டால், இந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்று பிழை வரும். காற்புள்ளிதான் பிரிப்பான், அதனால் ஒரு குறிச்சொல்லுக்குள்ளே காற்புள்ளி வைத்தால் அது இரண்டாகிவிடும்.

நகல்_எடுப்பவர்:
நகலெடுக்கும்போதுதான் பெரும்பாலும் உதிர்கிறது. வெறும் சிபி கட்டளை எக்ஸ்ஆட்டரை எடுத்துப் போகாது. சிபி -ஏ எடுத்துப் போகும், ஆனால் போய்ச் சேரும் இடம் அதை ஏற்காவிட்டால் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டுவிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் --ப்ரிசர்வ்=எக்ஸ்ஆட்டர் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முடியாதபோது பிழை காட்டும், வெளியேறும் குறியீடும் பூஜ்யமாக இருக்காது. ஸ்கிரிப்டில் இதைத்தான் வைக்க வேண்டும்.

கோப்புறைகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்கில் -ஏ போதும் என்று நினைப்பது பரவலான தவறு. அதோடு பெரிய எக்ஸ் சேர்க்க வேண்டும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாரில் --எக்ஸ்ஆட்டர்ஸ், கட்டும்போதும் வேண்டும், பிரிக்கும்போதும் வேண்டும். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் இதைச் சேமிப்பதே இல்லை. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் வைக்க இடமே கிடையாது.

நகலே எடுக்காமலும் போகும். உரையைத் திருத்தும் செட் (எஸ்-இ-டி) கட்டளையை -ஐ போட்டு ஓட்டினால் அது பழைய கோப்பைத் திருத்துவதில்லை. புதுக் கோப்பு எழுதி, பழைய பெயரை அதற்கு வைக்கிறது. பெயர் அதேதான், கோப்பு வேறு. இப்படிச் சேமிக்கும் எடிட்டர்களிலும் இதே கதிதான்.

எழுத்துரு_அன்பர்:
தமிழில் குறிச்சொல் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, போட்டதைப் படிக்கும் கெட்எஃப்ஆட்டர் கட்டளையை -டி போட்டு ஓட்டினால் தமிழ் தெரியாது. 0எஸ் என்று தொடங்கி 4கே6, 4கே+ என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு நீளச் சரம் தெரியும். பழுதில்லை, பயப்படாதீர்கள். அது பேஸ்64, பைட்டுகளை வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாக எழுதும் முறை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8ல் 3 பைட், பேஸ்64ல் அது சரியாக 4 எழுத்தாகிறது, அதனால்தான் அந்த ஒரே தாளம். -இ டெக்ஸ்ட் சேர்த்தால் தமிழாகவே காட்டும்.

இரண்டாவதுதான் உண்மையான தொல்லை. பட்டியலில் 'கோவில்' இரண்டு முறை வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடு. மற்றொன்றில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனி. எண்ணிப் பார்த்தால் பிடிபடும்: கெட்எஃப்ஆட்டரில் --ஒன்லி-வேல்யூஸ் போட்டு பைட் எண்ணும் டபிள்யூசி -சி வழியாக விடுங்கள். முதலாவது 18 பைட், இரண்டாவது 21. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடலில் இவை வெவ்வேறு சொற்கள். யூனிகோடு வடிவத்தை மாற்றும் யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி வழியாக ஒருமுறை விட்டு எழுதினால் ஒன்றாகிவிடும். ஔகாரத்துக்குக் கொம்போடு ளகரத்தைத் தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது. அங்கே எழுத்தே வேறு, கையால்தான் திருத்த வேண்டும்.

வட்டு_வாசி:
வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்க, 'இடமில்லை' என்று பிழை வருகிறதா? இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் எக்ஸ்ஆட்டர் அத்தனையும் ஐநோடிலுள்ள (கோப்பின் விவரப் பதிவு) சொச்ச இடத்திலும் ஒரே ஒரு கூடுதல் பிளாக்கிலும் அடங்க வேண்டும். பிளாக் வழக்கமாக 4096 பைட். மேலே சொன்ன 3 பைட் கணக்கில் சுமார் 1300 தமிழ்க் குறியீடுகள்தான். குறிப்புப் பகுதியில் ஒரு கட்டுரையையே ஒட்டினால் முட்டும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு மதிப்புக்கு மட்டும் 64 கேபி வரை போகலாம்.

தற்காலிகக் கோப்புறையான /டிஎம்பி, நினைவகத்தில் இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸாக இருந்தால், லினக்ஸ் 6.6க்கு முந்தைய கெர்னலில் யூசர் பண்பு போடவே முடியாது. சோதனையை அங்கே செய்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று முடிவுக்கு வராதீர்கள்.

குனோம்_பக்கம்:
குனோம் டெஸ்க்டாப்பின் ஜிஐஓ செட் கட்டளையில் 'மெட்டாடேட்டா::' என்று தொடங்கும் பெயரில் போடுவது கோப்போடு இருக்காது. வீட்டுக் கோப்புறைக்குள் .லோக்கல்/ஷேர்/ஜிவிஎஃப்எஸ்-மெட்டாடேட்டா என்ற இடத்தில், கோப்பின் பாதையை வைத்துப் பதிவாகிறது. டெர்மினலில் எம்வி கட்டளையால் நகர்த்தினால் பாதை மாறிவிடும், தொடர்பு அறுந்துவிடும்.

பூட்டு_சாவி:
பிறருக்குக் கோப்பு தரும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் டபிள்யூகெட்டின் 1.20.1க்கு முந்தைய சில பதிப்புகள், இறக்கிய முகவரியை யூசர்.எக்ஸ்டிஜி.ஆரிஜின்.யூஆர்எல் என்று கோப்பிலேயே எழுதிவைத்தன. முகவரிக்குள் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்தே பதிவானது. 2018ல் பாதுகாப்புக் குறையாக அறிவித்து, பிறகு இயல்பிருப்பில் நிறுத்திவிட்டார்கள். பழைய கோப்புகளில் இன்னும் இருக்கலாம். செட்எஃப்ஆட்டர் -எக்ஸ் போட்டு நீக்கலாம்.

படப்பெட்டி:
புகைப்படம் வெளியே போகப் போகிறதென்றால் எக்ஸ்ஆட்டரை நம்பாதீர்கள், படத் தகவலைத் திருத்தும் எக்ஸிஃப்டூலால் படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பி சப்ஜெக்ட் என்ற புலத்தில் எழுதுங்கள். பழைய ஐபிடிசி கீவேர்டு புலம் வேண்டாம். அதன் எல்லை 64 பைட், அதாவது 21 தமிழ்க் குறியீடு. 'கங்கைகொண்டசோழபுரம்' என்ற ஒரே சொல்லே அதற்குள் ஏறக்குறைய நிறைந்துவிடும். கோடட்கேரக்டர்செட் யூடிஎஃப்8 என்று போடாவிட்டால் எழுத்தும் சிதையும். ஒன்று கவனம்: உள்ளே எழுதினால் கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண் மாறிவிடும். எக்ஸ்ஆட்டரில் மாறாது. சரிபார்ப்பு எண் வைத்துப் பாதுகாக்கும் ஆவணக் களஞ்சியத்துக்கு எக்ஸ்ஆட்டர்தான் நல்லது.

பனையோலை:
@படப்பெட்டி, அதே காரணத்தால் பேக்கப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. குறிச்சொல் மாற்றினால் கோப்பின் எம்டைம் (உள்ளடக்கம் மாறிய நேரம்) மாறாது, சிடைம் (விவரங்கள் மாறிய நேரம்) மட்டுமே மாறும். எம்டைம் பார்த்து நகலெடுக்கும் நிரலுக்குப் புதுக் குறிச்சொல் தெரியவே தெரியாது. அதனால் பேக்கப்புக்கு முன் தனியாக இறக்கிவைக்கிறேன்:

கெட்எஃப்ஆட்டர் -ஆர் -டி ஆவணங்கள் > குறிகள்.டம்ப்

இங்கே ஆர் பெரிய எழுத்து. தமிழ் பேஸ்64ஆகவே இறங்கட்டும், ஒரு பைட்டும் பிசகாது. திரும்ப ஏற்ற, ஆவணங்கள் கோப்புறைக்கு ஒரு படி மேலே, இறக்கிய அதே இடத்தில் நின்று:

செட்எஃப்ஆட்டர் --ரீஸ்டோர்=குறிகள்.டம்ப்

வேறு இடத்திலிருந்து ஓட்டினால் கோப்பு இல்லை என்று வரிசையாகப் பிழை கொட்டும். பாதைகள் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்புகளுக்கு ஏறாது, முதலில் எழுதும் உரிமை கொடுங்கள்.