ஒன் பீஸ்: சிறுவனுக்கு எப்படிப் படிக்கக் கொடுப்பது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

1997 ஜூலையில் எய்ச்சிரோ ஓடா தொடங்கிய ஒன் பீஸ் என்ற ஜப்பானியச் சித்திரக்கதை (மாங்கா) நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்ட நிலையில், அதில் சண்டைகளை மட்டும் படித்தால் போதாதா என்று பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் கேட்கிறான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது லாபூன் என்ற திமிங்கிலம். திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற கடற்கொள்ளையர்களுக்காக ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து, மலைச்சுவரில் மோதி மோதித் தழும்பேறிப்போன அதன் தலையில், இனியாவது மோதாமல் இருக்கட்டும் என்று கதாநாயகன் லூஃபி தன் கொடிச் சின்னத்தைக் கோணல்மாணலாக வரைந்துவிட்டுப் போகிறான். அது 12ஆம் தொகுதி. 46ஆம் தொகுதியில் புரூக் என்ற எலும்புக்கூடு வருகிறது. அந்தக் கடற்கொள்ளையர்களில் ஒருவனான தன்னை லாபூனுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவன் அந்தச் சுருட்டை முடியைக் காத்து வருகிறான் என்று அறிந்த இடத்தில், மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இடையிலுள்ள தொகுதிகளைத் தாண்டிக் குதித்தவருக்கு அந்த முடியின் கனம் தெரிய வாய்ப்பில்லை.

ஆனால் டிரெஸ்ரோசா என்ற கதைப்பகுதி மட்டுமே ஏறக்குறைய நூறு அத்தியாயங்கள் நீள்கிறது. பாத்திரங்கள் குவிந்து பக்கங்கள் நெரிசலாகிவிடுவதால், நானே அங்கு மாதக்கணக்கில் நின்றுவிட்டேன். அந்தப் பகுதியை நீங்கள் ஒரே மூச்சில் படித்தீர்களா, சிறிது சிறிதாகவா? ஆர்லாங் பார்க் என்ற கதைப்பகுதி முடியும் 11ஆம் தொகுதி வரை முதலில் அவனுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்; அது போதுமா, லாபூன் வரை கொண்டுபோய் நிறுத்துவது நல்லதா? பின்கதையை வெளிப்படுத்தாமல் பதில் எழுதினால், அவனிடமும் அப்படியே காட்ட முடியும்.