ஆக்சுவேட்டருக்கு ‘இயக்கி’ வேண்டாம், ‘வினைப்பொறி’ ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

எந்திரங்களில் சூடு, அழுத்தம் போன்றவற்றை அறிந்து சொல்லும் சென்சாருக்கும், கட்டளை வந்ததும் வேலையைச் செய்து முடிக்கும் ஆக்சுவேட்டருக்கும் தமிழ்ச் சொல் தேடி நம் குழுவில் பேசிவருகிறோம். சென்சாருக்கு ‘உணரி’ என்பதில் இனி வாதம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். மூன்றே எழுத்து, முன்னால் எதைச் சேர்த்தாலும் தாங்குகிறது: வெப்ப உணரி, அழுத்த உணரி, அண்மை உணரி. ‘உணர்வி’ என்று குழுவில் அண்ணா ஒருவர் முன்வைத்ததைப் படித்தேன். அது மனத்தின் உணர்வுப் பக்கம் இழுக்கிறது. பழகிவிட்ட உணரியே இருக்கட்டும்.

சிக்கல் எல்லாம் ஆக்சுவேட்டரில்தான். பெரும்பாலோர் ‘இயக்கி’க்குக் கை தூக்கியிருக்கிறீர்கள். தனியாகப் பார்த்தால் நல்ல சொல். ஆனால் கலைச்சொல் தனியாக வாழ்வதில்லை. ஒரே எந்திரத்தில் பக்கத்தில் இருக்கும் மற்றக் கருவிகளின் பெயரோடு முட்டாமல் நிற்க வேண்டும். அதைப் பார்க்கத் திருப்பூரில் துணி நனைக்கும் சாயப்பட்டறை எந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏற 130 டிகிரி வரை சூடு வேண்டும். தொட்டியில் இருக்கும் பிளாட்டினம் உணரி 0 டிகிரியில் 100 ஓம் தடை காட்டும், 100 டிகிரியில் 138.5 ஓம், 130-இல் ஏறத்தாழ 150. இந்தத் தடையை அதன் அருகில் உள்ள டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக மாற்றி, எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி.க்கு அனுப்புகிறது. (0-இல் தொடங்காமல் 4-இல் தொடங்குவது அழகான ஏற்பாடு. மின்னோட்டம் 0 ஆகிவிட்டால் சூடு குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை, கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.) பி.எல்.சி. கணக்குப் பார்த்து, நீராவி வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று மறுபடி 4–20 மில்லி ஆம்பியரில் சொல்கிறது. அது 3–15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தமாக மாறி, வால்வின் தலைமேல் இருக்கும் உதரவிதானத்தை (வளையும் சவ்வை) தள்ளுகிறது. தண்டு நகர்கிறது, நீராவி வருகிறது. உதரவிதானமும் சுருள்வில்லும் கொண்ட அந்தத் தலைதான் ஆக்சுவேட்டர்.

இதே எந்திரத்தில் சாய நீரைச் சுழற்றும் பம்பின் வேகத்தை மாற்ற ஒரு டிரைவ் இருக்கிறது. அதற்கும் தமிழில் ‘இயக்கி’. பி.எல்.சி.யோடு கணினி பேச மென்பொருள் டிரைவர் ஒன்று உண்டு. கணினித் தமிழில் அதுவும் ‘இயக்கி’. இப்போது பராமரிப்புப் புத்தகத்தில் ‘இயக்கி பழுது, நிறுத்தி வைக்கவும்’ என்று எழுதியிருந்தால் இரவு ஷிப்டுக்கு வருபவர் எதை நிறுத்துவார்? வால்வுத் தலைக்குப் போகும் காற்றை நிறுத்தினால், காற்று வந்தால் திறக்கும் வகை வால்வாக இருக்கும் பட்சத்தில், வில் அதை மூடிவிடும். சூடேறுவது நிற்கும், அவ்வளவுதான். டிரைவை நிறுத்தினால் பம்ப் நிற்கும், ஓடிக்கொண்டிருந்த துணி அப்படியே நின்று மடிப்பு விழும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரு சொல்லுக்காக ஒரு தொட்டித் துணி வீணாகலாமா? ஆகவே இயக்கியை டிரைவுக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மோட்டாரை ஓட்டுவது அதுதான், பெயர் அதற்குப் பொருந்துகிறது.

ஆக்சுவேட்டருக்கு வந்த மற்றப் பரிந்துரைகள். ‘முடுக்கி’ வேகம் கூட்டுவது. நீராவி வால்வை மெதுவாகத் திறப்பதுதான் பல இடங்களில் பாதுகாப்பு. ‘தூண்டி’ மின்னியலில் இண்டக்டருக்குப் போய்விட்டது. போகாவிட்டாலும் தூண்டுவது பி.எல்.சி.யின் குறிகை (சிக்னல்), ஆக்சுவேட்டர் தூண்டப்படுவது. ‘செயலி’ கைப்பேசியில் குடியேறிவிட்டது. ‘செயலூக்கி’ வேதியியலின் வினையூக்கிக்கு மிக அருகில் நிற்கிறது, சாயப்பட்டறையில் இரண்டுக்குமே வேலை உண்டு.

நான் முன்வைப்பது ‘வினைப்பொறி’.

இது வெறும் ஒட்டுவேலை அல்ல. சைவ சித்தாந்தத்தில் ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து என்று பிரித்திருக்கிறார்கள் (இந்திரியம் என்றால் பொறி). கண், காது, மூக்கு, நாக்கு, மெய் ஆகியவை அறிந்து உள்ளே சொல்பவை. வாய், கை, கால் முதலியவை உள்ளிருந்து வந்ததைச் செய்து முடிப்பவை. நடுவில் அந்தக்கரணம், அதாவது மனம், புத்தி முதலிய உட்கருவிகள். உணரி, பி.எல்.சி., ஆக்சுவேட்டர் மூன்றும் அப்படியே அந்த வரிசையில் உட்கார்கின்றன. அறியும் பொறி, வினை செய்யும் பொறி என்ற பாகுபாடு நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும்போது, அதைவிட்டு வெளியே தேடுவானேன்?

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இயக்கம் என்றால் அசைவு. கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஹீட்டர் சுருளையும் ஆக்சுவேட்டர் வரிசையில் வைத்துப் பேசுவது உண்டு. அது அசைவதே இல்லை, சூடாக்குகிறது. ‘வினை’ என்ற சொல்லுக்குள் அசைவும் அடங்கும், சூடும் அடங்கும்.

‘பொறி’ என்றால் தீப்பொறி, எலிப்பொறி என்றும் வருமே என்று தம்பி ஒருவர் தனியே எழுதிக் கேட்டார். கூட்டுச்சொல்லில் அந்தக் குழப்பம் வராது. பொறியியல் என்பதைக் கேட்டு யாரும் எலியை நினைப்பதில்லை. காற்று வினைப்பொறி, மின் வினைப்பொறி, பந்து வால்வைக் கால் சுற்றுத் திருப்பும் சுழல் வினைப்பொறி எல்லாம் வாயில் தடையில்லாமல் வருகின்றன. ‘ஆக்சுவேட் செய்’ என்ற வினைச்சொல்லுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், ‘இயக்கு’ போதும்.

வால்வு, சிலிண்டர், சாலினாய்டு மூன்றையும் இப்போதைக்குத் தொடாமல் விடலாம். தளத்தில் வேலை செய்பவர்கள் வாயில் அவை தமிழாகவே ஆகிவிட்டன. டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் ஒரு சொல் அவசரமாகத் தேவை. உணரியையும் டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்து ‘சென்சார்’ என்றே சொல்லும் பழக்கம் இருப்பதால், எது கெட்டது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள். ‘பரப்பி’ வானொலிக்குச் சரி, கம்பி வழியே போகும் அளவுக்குச் சரிவராது. ‘செலுத்தி’ என்று வைக்கலாமா? வெப்பச் செலுத்தி, அழுத்தச் செலுத்தி.

இலங்கை நண்பர்கள் அங்கே தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஆக்சுவேட்டருக்கு எந்தச் சொல் வழங்குகிறது என்று எழுதினால் நல்லது. அங்கே ஏற்கெனவே முட்டாத சொல் ஒன்று புழக்கத்தில் இருந்தால் என் பரிந்துரையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.