ஸ்டீம் பாய்லர் பிரஷர் 5 தாண்டுது, பிரஷர்ட்ரால் மாத்தணுமா?

புதுவீட்டுக்காரன்:
வணக்கம். நியூஜெர்சில நூறு வருஷத்துப் பழைய வீடு வாங்கியிருக்கோம், பேஸ்மெண்ட்ல கேஸ் ஸ்டீம் பாய்லர், ரூமுக்கு ரூம் ஒத்தைப் பைப் ரேடியேட்டர். குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து ரேடியேட்டர்ல காத்தை வெளிய விடற வென்ட் எல்லாம் குக்கர் மாதிரி சீறுது, பெட்ரூம்ல ஒண்ணு தண்ணியவே துப்பி சுவரு ஊறிப்போச்சு. கீழ போய்ப் பாத்தா கேஜ் முள்ளு 5 பிஎஸ்ஐ தாண்டியும் பர்னர் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பிரஷர் ஏறுனா பர்னரை அணைக்கற பிரஷர்ட்ரால்ல செட்டிங் கம்மியாத்தான் இருக்கு. புதுசு வாங்கிடவா? குழந்தை இருக்கற வீடு, பயமா இருக்குங்க.

பேஸ்மெண்ட்வாசி:
வாங்காதீங்க, முதல்ல அதுக்குக் கீழ சுருண்டு இருக்கற பிக்டெயில் குழாயைப் பாருங்க. சிங்குக்கு அடில வளைஞ்ச பைப்ல தண்ணி நிக்குமில்ல, அதே மாதிரி இதுலயும் தண்ணி நின்னுதான் சூடு ஸ்டீம் பிரஷர்ட்ராலைத் தொடாம காக்குது, அந்த வளைவுலதான் துரு சேர்ந்து அடைச்சுக்கும், அடைச்சுட்டா பிரஷர் மேல ஏறுனது பிரஷர்ட்ராலுக்குத் தெரியவே தெரியாது. பிரேக்கரை ஆஃப் பண்ணி, பாய்லர் நல்லா ஆறி கேஜ் 0 வந்தப்புறம் மட்டும் கழட்டுங்க. வாய் வெச்சு ஊதினா காத்து தடையில்லாம போகணும். பாய்லர்ல பிக்டெயில் மாட்டற ஓட்டையையும் குத்தி விடுங்க, அங்கயும் அடைக்கும். திரும்ப மாட்டறப்போ பிக்டெயில்ல தண்ணி ஊத்த மறந்துடாதீங்க.

செட்டிங் கட்-இன் (பர்னர் திரும்ப எரிய ஆரம்பிக்கற பிரஷர்) 0.5, உள்ள இருக்கற வெள்ளைச் சக்கரம் 1ல வைங்க, ரெண்டும் கூட்டி 1.5ல பர்னர் அணையும். வீட்டுக்கு அதுவே தாராளம்.

ரேடியேட்டர்பிரியை:
பிரஷர்ட்ரால் பழைய மாடலா இருந்தா உள்ள பாதரசக் குப்பி இருக்கும், அது மட்டமா நிக்கலேன்னா செட்டிங் எல்லாமே தப்பாயிடும், உடைச்சிடாம பாத்துக்கோங்க. 30 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டற கேஜ்ல 1.5 எல்லாம் கண்ணுக்கே தெரியாது, அதை எடுக்காம பக்கத்துல 0-3 கேஜ் ஒண்ணு சேர்த்து மாட்டுங்க. பிரஷர் எல்லை மீறினா ஸ்டீமை வெளிய விடற 15 பிஎஸ்ஐ சேஃப்டி வால்வு ஒழுகுதான்னும் பாருங்க, ஒழுகினா மாத்திடணும், அதுல மூடி போட்டு அடைக்கவே கூடாது.

புதுவீட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கழட்டி ஊதினேன், துளி காத்து போகல! கம்பி விட்டுக் குடைஞ்சா காப்பிப்பொடி மாதிரி கருப்பா ஒரு ஸ்பூன் துரு கொட்டுச்சு. பித்தளைல புது பிக்டெயில் வாங்கித் தண்ணி ஊத்தி மாட்டிட்டேன். நேத்து ராத்திரி முள்ளு லேசா அசையறப்பவே பர்னர் டக்குனு அணைஞ்சிடுச்சு, பெட்ரூம்ல சத்தமே இல்ல. துப்பின வென்ட்டை மட்டும் சனிக்கிழமை மாத்தப்போறேன்.

பேஸ்மெண்ட்வாசி:
சந்தோஷம். வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி இதே மாதிரி கழட்டி ஊதிப் பாத்துடுங்க.