அமெரிக்கக் கடற்படை பிறந்த ஊர்: பெவர்லியா, மார்பிள்ஹெட்டா, வேறு எதுவுமா?

கேள்வித்தாள்:

மாவட்ட அளவிலான வினாடி வினாவுக்குக் கேள்விகள் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். உலக வரலாற்றுச் சுற்றுக்கு "அமெரிக்கக் கடற்படை பிறந்த ஊர் எது?" என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. அனுப்பியவர் விடையாக பெவர்லி என்று எழுதியிருக்கிறார். சரிபார்க்கப் போனால் ஒரு இடத்தில் மார்பிள்ஹெட், இன்னொரு இடத்தில் பிலடெல்பியா. போதாக்குறைக்கு, நியூயார்க் மாநிலத்தில் கடலே எட்டிப் பார்க்காத வொயிட்ஹால் என்ற ஊரும் அதே பட்டத்தைச் சூடிக்கொண்டிருக்கிறது.

எல்லா இடத்திலும் ஹன்னா என்ற கப்பலின் பெயர் அடிபடுகிறது. அது எந்த ஊர்க் கணக்கில் வரும்? நடுவரோடு யாரும் மல்லுக்கு நிற்காத மாதிரி ஒரு விடை வைக்க முடியுமா?

பாய்மரம்:

ஊரைக் கேட்டால் மல்லுக்கு நிற்கத்தான் செய்வார்கள். அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுத் துறையே எந்த ஊருக்கும் பட்டம் கொடுக்கவில்லை. பெவர்லி, மார்பிள்ஹெட், மச்சையஸ், பிலடெல்பியா, பிராவிடன்ஸ், வொயிட்ஹால் என்று உரிமை கோரும் ஊர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நழுவிக்கொள்கிறது. தேதிக்கு மட்டும்தான் தீர்ப்பு உண்டு: 13 அக்டோபர் 1775. பிரிட்டனோடு போரில் இறங்கிய அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது அவையான காங்கிரஸ், கப்பல்களுக்கு வாக்களித்த நாள் அது. கடற்படைத் தலைமைப் பொறுப்பில் இருந்த அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் 1972-ல் அந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாட ஏற்பாடு செய்தார்.

இனி ஹன்னா. பெவர்லியும் மார்பிள்ஹெட்டும் மாசசூசெட்ஸில் சேலம் கடற்பகுதியின் எதிரெதிர்க் கரைகள். ஹன்னா 78 டன் ஸ்கூனர், அதாவது இரண்டு பாய்மரமுள்ள வணிகக் கப்பல். உரிமையாளர் மார்பிள்ஹெட்டின் ஜான் குளோவர். குடியேற்றங்களின் ராணுவத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் அதை டன்னுக்கு மாதம் ஒரு டாலர் வாடகைக்கு எடுத்தார். பெவர்லியில் குளோவருக்கு இருந்த துறையில் வைத்து அதைப் போருக்குத் தயார் செய்தார்கள். நான்கு பவுண்டு குண்டு வீசும் சிறு பீரங்கிகள், அவ்வளவுதான் ஆயுதம். கேப்டன் நிக்கோல்சன் பிராட்டன் மார்பிள்ஹெட்காரர். மாலுமிகள் குளோவரின் படைப்பிரிவிலிருந்து வந்தவர்கள். 1775 செப்டம்பர் 5 அன்று பெவர்லியிலிருந்து பாய் விரித்தது.

கப்பலும் ஆளும் மார்பிள்ஹெட்; துறையும் புறப்பாடும் பெவர்லி. இருநூறு வருடச் சண்டை இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

ஆவணத்தை வைத்துப் பேசினால் பெவர்லியின் கை ஓங்கும். வாஷிங்டன் செப்டம்பர் 2 அன்று பிராட்டனுக்குக் கொடுத்த உத்தரவில் "பெவர்லியில் உள்ள ஹன்னா ஸ்கூனர்" என்று ஊர்ப் பெயரோடு இருக்கிறது. கப்பலை ஆயுதமும் உணவும் ஏற்றித் தயார் செய்தது "கண்டினெண்டல் செலவில்" என்றும் இருக்கிறது. எந்தக் குடியேற்றத்தின் தனிப் பணமும் இல்லை, எல்லோருக்கும் பொதுவான பணம். ஹன்னாவை மற்ற கப்பல்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தச் செலவுக் கணக்குதான்.

வடகிழக்கு வாடை:

பெவர்லி பக்கம் தராசு கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறது. அதே உத்தரவின் முதல் வரி என்ன? "ராணுவத்தில் கேப்டனாக நியமிக்கப்பட்ட நீர், அந்த ராணுவத்தின் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்று ஹன்னாவில் ஏறுக." அந்த ராணுவப் பிரிவு எந்த ஊர்? மார்பிள்ஹெட். முதல் லெப்டினன்ட் குளோவரின் மகன். கப்பல் வாடகைக்கு வந்தது, துறை பயன்பாட்டுக்குக் கிடைத்தது. கடல் தெரிந்த ஆட்கள் மட்டும் எங்கிருந்தும் வாடகைக்குக் கிடைக்கவில்லை. 1776 ஆகஸ்ட் 29 இரவு புரூக்ளினிலிருந்து வாஷிங்டனின் படையைப் படகில் அக்கரை சேர்த்ததும், அந்த டிசம்பர் 25 இரவு டெலவேர் ஆற்றைக் கடக்கத் துடுப்புப் போட்டதும் இதே ஆட்கள்தான்.

துறை ஏன் பெவர்லிக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்பிள்ஹெட் துறைமுகத்தின் வாய் வடகிழக்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'லைவ்லி' அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே வைத்துப் பீரங்கி ஏற்றினால் மறுநாளே எதிரிக்குத் தெரிந்துவிடும். பெவர்லி உள்ளே ஒதுங்கிய இடம், முன்னால் மணல் திட்டுகள். பெவர்லிக்கு அமைந்தது நல்ல பூகோளம். அதைப் பட்டயமாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவது கொஞ்சம் அதிகம்.

பாய்மரம்:

பூகோளம்தானே துறைமுகம்! அக்டோபர் 10 அன்று நடந்ததைப் பாருங்கள். 'நாட்டிலஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல் ஹன்னாவைத் துரத்தியது. ஹன்னா பெவர்லிக்குள் ஓடிவந்து தரைதட்டியது. ஊர்க்காரர்கள் கரையிலிருந்து சுட்டார்கள். துரத்தி வந்த நாட்டிலஸும் கடல்நீர் வற்றியதும் தரைதட்டி, மறுபடி நீர் ஏறும் வரை அடி வாங்கியது. மார்பிள்ஹெட்டில் இது நடந்திருந்தால் ஹன்னா பிடிபட்டிருக்கும்.

ஆனால் ஹன்னாவின் சாதனைப் பட்டியல் என்று பார்த்தால் இரண்டு ஊரும் வெட்கப்பட வேண்டியதுதான். கிளம்பிய மூன்றாம் நாள், செப்டம்பர் 7 அன்று பிடித்த 'யூனிட்டி' எதிரிக் கப்பலே இல்லை. நியூ ஹாம்ப்ஷயரின் ஜான் லாங்டனுடைய கப்பல்; பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்ததை இவர்கள் மீட்டார்கள். உத்தரவுப்படி பிடித்த கப்பலின் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு கேப்டனுக்கும் ஆட்களுக்கும். அதில் கேப்டனுக்கு 6 பங்கு, சாதாரண வீரனுக்கு 1. கப்பலும் ராணுவத் தளவாடமும் பொதுக் கணக்கில் சேரும். மீட்ட கப்பல் நம்மவருடையது என்பதால் பங்கு கிடையாது என்றதும் மாலுமிகள் கலகம் செய்தார்கள், வாஷிங்டனின் தலைமையகம் இருந்த மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் ராணுவ விசாரணை வரை போனது. நாட்டிலஸ் சம்பவத்துக்குப் பிறகு ஹன்னாவை வாடகையிலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

உண்மையான வேட்டை அடுத்து வந்த ஸ்கூனர்களுடையது. பெவர்லியில் தயாரான 'லீ', ஜான் மேன்லியின் தலைமையில் நவம்பர் இறுதியில் 'நான்சி'யைப் பிடித்தது. 2000 மஸ்கட் துப்பாக்கி, டன் கணக்கில் ஈயக் குண்டு, 13 அங்குல வெண்கல மார்ட்டர் (குண்டை உயர்த்தி வீசும் குட்டைப் பீரங்கி) ஒன்று. வெடிமருந்துக்கும் துப்பாக்கிக்கும் தவித்துக்கொண்டிருந்த படைக்கு அது பெரிய வரவு. மேன்லி மார்பிள்ஹெட்காரர் என்பதை நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கரை:

வொயிட்ஹாலைச் சிரித்துக் கடந்துபோக வேண்டாம். அன்றைய பெயர் ஸ்கீன்ஸ்பரோ, சாம்ப்ளெய்ன் ஏரியின் தென்கோடி. 1775 மே மாதம் அங்கே பிலிப் ஸ்கீனின் ஸ்கூனரைப் பிடித்து 'லிபர்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். குடியேற்றத் தரப்பின் அதிகாரி பெனடிக்ட் ஆர்னால்ட் அதில் ஏறிப்போய் மே 18 அன்று ஏரிக்கு வடக்கே கனடாவின் செயின்ட் ஜான்ஸில் பிரிட்டிஷாரின் ஸ்லூப் ஒன்றை, அதாவது ஒற்றைப் பாய்மரக் கப்பலை, கைப்பற்றினார். அதற்கு 'என்டர்பிரைஸ்' என்று பெயரிட்டார்கள். ஹன்னாவுக்கு நான்கு மாதம் முந்தைய கதை இது.

1776-ல் ஆர்னால்டின் ஏரிக் கப்பற்படையில் பெரும்பகுதி அங்கேதான் கட்டப்பட்டது. ஹன்னா வாடகைக் கப்பல். இவை போருக்கென்றே மரம் வெட்டிக் கட்டியவை. அந்த வருடம் அக்டோபர் 11 அன்று வால்கூர் தீவருகே நடந்த சண்டையில் தோற்றார்கள். ஆனாலும் அந்தக் கப்பற்படையைச் சமாளிக்கப் பிரிட்டிஷார் கப்பல் கட்டிக்கொண்டிருந்ததில் பருவம் போய்விட்டது. கனடாவிலிருந்து தெற்கே வரவிருந்த அவர்களின் படையெடுப்பு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. ஏரிச் சண்டைதானே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வித்தாளுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தச் சண்டையில் மூழ்கிய 'பிலடெல்பியா' என்ற பீரங்கிப் படகை 1935-ல் ஏரியிலிருந்து தூக்கினார்கள். 54 அடி நீளம், இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து பிலடெல்பியா நகரத்தின் உரிமைக்கு ஆதாரமாகப் பலர் காட்டுகிறார்கள். அது கட்டப்பட்டது ஸ்கீன்ஸ்பரோவில்.

பாய்மரம்:

ஏரிக்கரை சொன்ன தேதிகள் சரி. இடறுவது அதிகாரத்தில். 1775 மே மாதம் ஆர்னால்ட் வைத்திருந்தது மாசசூசெட்ஸ் பாதுகாப்புக் குழுவின் நியமனம். காங்கிரஸுக்கோ வாஷிங்டனுக்கோ அதில் பங்கில்லை. வாஷிங்டன் தளபதியானதே ஜூனில்தான். 1776-ன் ஏரிக் கப்பற்படையும் ராணுவத்தின் வடபிரிவுக்குக் கீழே இருந்தது. ஹன்னாவை ராணுவக் கப்பல் என்று தள்ளுபவர் இதையும் தள்ளியாக வேண்டும்.

ஏரிக்கரை:

தள்ளட்டும். அப்போது மாசசூசெட்ஸின் இரண்டு ஊர்களும் சேர்ந்தே வெளியே போகும். எங்களுக்கு அது போதும்.

நங்கூரம்:

விட்டுப்போனவை மட்டும் சுருக்கமாக.

மச்சையஸ்: 1775 ஜூன் 12 அன்று ஜெரமையா ஓ'பிரையன் தலைமையில் ஊர்க்காரர்கள் பிரிட்டிஷாரின் 'மார்கரெட்டா'வைப் பிடித்தார்கள். இது முதல் கடற்சண்டை என்ற பட்டத்துக்கான உரிமை. அந்தப் பட்டத்துக்கும் போட்டி உண்டு. மே 14 அன்றே தங்கள் கரையருகே சண்டை நடந்துவிட்டது என்கிறது மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவன். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஓ'பிரையன் ஏறிப்போன ஸ்லூப்பின் பெயரும் யூனிட்டி. ஹன்னா மீட்ட யூனிட்டி வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய குறிப்புகள் ஏராளம். இன்னொன்று, மச்சையஸ் இன்று மெய்ன் மாநிலம். 1820 வரை அதுவும் மாசசூசெட்ஸ்தான்.

பிராவிடன்ஸ்: ரோட் ஐலண்ட் சட்டசபை 1775 ஜூனிலேயே இரண்டு கப்பல்களை அமர்த்தியது. அதில் ஒன்றான 'கேட்டி' ஜூன் 15 அன்று ஆபிரகாம் விப்பிள் தலைமையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ரோஸ்'உக்குத் துணையாக இருந்த சிறு கப்பலைப் பிடித்தது. கேட்டி பின்னால் 'பிராவிடன்ஸ்' என்ற பெயரில் காங்கிரஸ் அமைத்த கண்டினெண்டல் கடற்படையில் சேர்ந்தது. என் கணக்கில் பிராவிடன்ஸின் பலமான சீட்டு கப்பல் இல்லை, ஆகஸ்ட் 26 தீர்மானம். பொதுச் செலவில் ஒரு கப்பற்படை வேண்டும் என்று காங்கிரஸிடம் முறையாகக் கேட்டது அந்தச் சட்டசபை.

பிலடெல்பியா: அக்டோபர் 13 அன்று காங்கிரஸ் அங்கே கூடித்தான் வாக்களித்தது. பத்துப் பீரங்கி, எண்பது ஆள், மூன்று மாதப் பயணத்துக்கு வேகமான கப்பல் ஒன்று. கூடவே இன்னொரு கப்பல். ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து கியூபெக்குக்கு ஆயுதம் ஏற்றிக் கிளம்பிய இரண்டு கப்பல்களை மடக்குவதுதான் நோக்கம். 'ஆல்ஃபிரட்' டிசம்பர் 3 அன்று பணியில் சேர்ந்ததும் பிலடெல்பியாவில்தான்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், அதே அக்டோபர் 13 அன்றுதான் வாஷிங்டனின் கடிதம் காங்கிரஸில் வாசிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் கரையில் பொதுச் செலவில் மூன்று ஸ்கூனர்களை ஏற்கெனவே இறக்கிவிட்டதாக அவர் எழுதியிருந்தார். ஆக பிலடெல்பியாவின் வாக்குக்குப் பின்னால் பெவர்லித் துறை இருக்கிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது ஊர்ப் பெருமைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

கறாராகப் போனால் இன்னொரு வெட்டும் உண்டு. கண்டினெண்டல் கடற்படையின் கடைசிக் கப்பல் 'அலையன்ஸ்' 1785-ல் விற்கப்பட்டது. இன்றைய கடற்படைக்கான சட்டம் 27 மார்ச் 1794, ஆறு ஃபிரிகேட்டுகள் (வேகமான போர்க்கப்பல்கள்) கட்ட. கடற்படைத் துறை 30 ஏப்ரல் 1798. அந்த ஆறில் முதலில் நீரில் இறங்கிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' 10 மே 1797 அன்று பிலடெல்பியாவில் இறங்கியது.

வடகிழக்கு வாடை:

மார்பிள்ஹெட்டுக்கு இன்னொரு பட்டமும் இருக்கிறது, அதையும் பிடுங்கப் பார்க்காதீர்கள். கடற்படையோடு இணைந்து இயங்கும் மரீன் படையின் முதல் விமானி ஆல்ஃபிரட் கனிங்ஹாம் 20 ஆகஸ்ட் 1912 அன்று தனியாகப் பறந்தது அங்கே, பர்ஜெஸ் விமானத் தொழிற்சாலையில். ஆனால் மரீன்கள் விமானப் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அவர் அன்னாபொலிஸில் பயிற்சிக்கு வந்து சேர்ந்த மே 22 ஐ. இதிலும் மார்பிள்ஹெட்டுக்குத் தகராறுதான் மிச்சம்.

கேள்வித்தாள்:

அனைவருக்கும் நன்றி. ஊரைக் கேட்பதை விட்டுவிட்டேன். இப்படி மாற்றினால் சரியா?

"1775 செப்டம்பர் 5 அன்று பெவர்லியிலிருந்து புறப்பட்ட, அமெரிக்கக் கடற்படையின் முதல் கப்பல் எது? விடை: ஹன்னா."

பாய்மரம்:

தேதியும் ஊரும் சரி. "அமெரிக்கக் கடற்படையின் முதல் கப்பல்" என்பதை எடுத்துவிடுங்கள். அன்று கடற்படையே இல்லை, கேப்டனே ராணுவத்து ஆள். "கண்டினெண்டல் செலவில் வாஷிங்டன் கடலுக்கு அனுப்பிய முதல் ஆயுதக் கப்பல்" என்று போடுங்கள். மார்பிள்ஹெட்காரர் யாராவது அரங்கில் இருந்தால் "மார்பிள்ஹெட்டின் ஜான் குளோவருக்குச் சொந்தமான" என்பதையும் சேர்த்துவிடுங்கள், செலவில்லாத சமாதானம்.

நங்கூரம்:

தேதியைக் கேட்க நினைத்தால் எந்தத் தேதி என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். உத்தரவு செப்டம்பர் 2, புறப்பாடு 5, யூனிட்டியை மீட்டது 7. மூன்றையும் "ஹன்னாவின் தேதி" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நடுவரின் தாளில் மூன்றும் இருக்கட்டும்.

ஏரிக்கரை:

"கடலில்லாமலே கடற்படை பிறந்த ஊர் என்று உரிமை கோருவது எது?" என்று கூடுதல் கேள்வி ஒன்று வையுங்கள். விடை வொயிட்ஹால். அடைப்புக்குறியில் ஸ்கீன்ஸ்பரோ என்று போட்டுவிடுங்கள், லண்டன் வொயிட்ஹால் என்று யாராவது வாதாடாமல் இருக்க.